விளக்கு வைக்கும் நேரத்துச் செபம்

(நம் ஆலயப் பொன்விழாவுக்கு ஆயத்தமாக நடைபெற்ற மூன்று நாள் தியானத்தில், இரண்டாம் நாள் மாலை, நம் பங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

  

"அன்றாட வாழ்வில் செபம் என்பது பற்றி நீங்கள் பேச வேண்டும்" என்று பங்குத் தந்தை என்னிடம் சொன்னபோது நான் தயங்கினேன். செபத்தைப் பற்றிப் பேசக் குருக்களும் கன்னியரும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொடுத்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். "குடும்பஸ்தர் ஒருவர் பேசினால்தான் குடும்பஸ்தர்கள் கேட்பார்கள்" என்று சொல்லிவிட்டார். ஆகவே, அறிந்தவன் என்ற முறையில் அல்ல, தவறியவன் என்ற முறையில் உங்கள் முன் நிற்கிறேன். அந்தத் தவற்றையும் இன்று மறைக்காமல் சொல்லப்போகிறேன்.

நம் ஆலயத்திற்கு 50 வயது ஆகிறது. பொன்விழா என்றதும் கணக்குப் பார்ப்பது வழக்கம். கோபுரம் எப்போது எழுந்தது, மணி எப்போது வந்தது, கெபி யார் உபயம், எத்தனை ஞானஸ்நானம், எத்தனை திருமணம் என்றெல்லாம் இந்த மலரில் விவரமாக வரும். நல்லதுதான். ஆனால் கணக்கு வாத்தியாராகிய எனக்கு இன்னொரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாலையில் விளக்கு வைத்த பிறகு நம் தெருக்களில் நடந்து போனால், முன்பெல்லாம் ஒரு வீட்டில் தொடங்கிய அருள் நிறைந்த மந்திரம் அடுத்த வீட்டில் தொடரும். தெரு முடியும்போது ஒரு பத்து மணி செபமாலை முடிந்திருக்கும். இன்று அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் அந்தச் சத்தம் கேட்கிறது? இந்தக் கணக்கை யாரும் மலரில் அச்சிடப் போவதில்லை. அவரவர் வீட்டுக் கணக்கை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

செபம் என்றால் என்ன? ஞானோபதேச வகுப்பில் நாம் கற்றது எளிமையானது. மனதை இறைவனிடம் எழுப்புவது செபம். கேட்பதும், நன்றி சொல்வதும், மன்னிப்பு வேண்டுவதும், ஒன்றுமே பேசாமல் அவர் முன் இருப்பதும் செபமே. ஆனால் நம்மில் பலருக்கு அது ஓய்வு நேரத்து அலுவலாகிவிட்டது. "வேலை எல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறோம். நம் ஆண்டவர் எப்படி இருந்தார் என்று பாருங்கள்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் கப்பர்நாகும் ஊரில் ஆண்டவர் கழித்த ஒரு முழு நாள் விவரிக்கப்படுகிறது. அன்று ஓய்வுநாள். காலையில் செபக்கூடத்தில் போதிக்கிறார். தீய ஆவி பிடித்தவனைக் குணமாக்குகிறார். பிறகு சீமோன் வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்த அவருடைய மாமியாரை எழுப்பிவிடுகிறார். பொழுது சாய்ந்ததும் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு ஊரே வாசலில் வந்து நிற்கிறது. இத்தனை பேரையும் பார்த்து அனுப்பிவிட்டு ஒரு மனிதர் எப்போது படுத்திருப்பார்? மறுநாள் நாமாக இருந்தால் வெயில் ஏறும்வரை தூங்குவோம். அவரோ இருட்டோடு எழுந்து, தனிமையான இடத்திற்குப் போய்ச் செபிக்கிறார் (மாற்கு 1:35). சீடர்கள் தேடிப் போய், எல்லாரும் உம்மைத் தேடுகிறார்களே என்று முறையிடுகிறார்கள்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். வேலை இல்லாததால் அவர் செபிக்கப் போகவில்லை. வேலை மிகுந்த நாளுக்கும், வேலை மிகுந்த அடுத்த நாளுக்கும் நடுவே செபத்தை வைத்தார். பன்னிருவரைத் தெரிந்துகொள்ளும் முன் இரவு முழுவதும் மலையில் செபித்தார் என்று லூக்கா எழுதுகிறார் (லூக்கா 6:12). இறைமகனுக்கே அது தேவைப்பட்டது என்றால், நமக்குத் தேவையில்லை என்று சொல்ல நாம் யார்?

சரி, நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். 1535-ஆம் ஆண்டிலிருந்து 1537 வரை முத்துக்குளித்துறையின் கடற்கரை ஊர்களில் பெருந்திரளான மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்கள் மொழியில் அவர்களுக்குப் போதிக்க ஆள் இல்லை. 1542-இல் புனித சவேரியார் அந்தக் கரைக்கு வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர விசுவாசத்தைப் பற்றி வேறொன்றும் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சவேரியார் என்ன செய்தார்? பெரிய கோயில் ஒன்றைக் கட்டத் தொடங்கினாரா? இல்லை. தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மந்திரம், கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாய் நடந்து, சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டி, நாளைக்கு இரண்டு வேளை சொல்லிக்கொடுத்தார். சிறுவர்களிடம் ஒரு வேலையையும் ஒப்படைத்தார்: இங்கே கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார். இதை அவரே 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார்.

அவருக்குப் பின் அதே கரையில் உழைத்த ஹென்றி ஹென்றிக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சேற்றிய "தம்பிரான் வணக்கம்" என்னும் சிறு நூல்தான், இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல். அதில் இருப்பவை என்ன? ஞானோபதேசமும் செபங்களும். தமிழ் எழுத்து முதன்முதல் அச்சு ஏறியது, ஏழைக் குடும்பங்கள் தம் வீட்டில் செபிப்பதற்காக! இந்தப் பெருமை நமக்கு இருக்கிறது. பெருமை மட்டும் போதுமா?

வீட்டுச் செபத்தின் வலிமை எவ்வளவு என்பதற்கு, அதே சவேரியார் பின்னர் சென்ற நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1549-இல் அவர் ஜப்பானில் கால் வைத்தார். அங்கே விசுவாசம் விரைவில் பரவிற்று. விரைவிலேயே புயலும் வந்தது. 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் கொல்லப்பட்டார்கள். 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவ வேதம் தடை செய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஒளிந்திருந்தவர்கள் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். கோயில்கள் இடிக்கப்பட்டன. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், அந்த நாட்டில் திருப்பலி ஒப்புக்கொடுக்க வெளியில் ஒரு குருவும் இல்லை என்ற நிலை வந்தது.

இருநூறு ஆண்டுகள் கழிந்தன. நாடு மீண்டும் வெளியாருக்குத் திறக்கப்பட்டபின், நாகசாகியில் வெளிநாட்டாருக்கென்று ஒரு சிறு ஆலயம் கட்டப்பட்டது. 1865 மார்ச் 17-ஆம் நாள், அருகிலிருந்த உராக்காமி என்ற ஊரிலிருந்து ஏழை எளிய மக்கள் சிலர் அந்த ஆலய வாசலில் வந்து நின்றார்கள். பெத்திழான் என்ற பிரெஞ்சுக் குரு கதவைத் திறந்து உள்ளே அழைத்துச் சென்றார். அவர் முழந்தாளிட்டபோது, ஒரு பெண் அருகே வந்து, தங்கள் இதயமும் அவருடைய இதயமும் ஒன்றே என்று மெதுவாகச் சொல்லி, மாதா சுரூபம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அந்தக் குரு திகைத்துப்போனார். ஏழு தலைமுறையாகக் குருவையே காணாத கிறிஸ்தவர்கள்! விசாரித்தபோது, ஓர் ஊர் அல்ல, பல ஊர்களிலும் தீவுகளிலும் ஆயிரக்கணக்கானோர் இருப்பது தெரிந்தது.

கோயில் இல்லை, குரு இல்லை, நற்கருணை இல்லை, மணி இல்லை, அச்சிட்ட புத்தகமும் இல்லை. எப்படிப் பிழைத்தது அந்த விசுவாசம்? வீட்டுப் பெரியவர் ஒருவர் ஞானஸ்நானம் கொடுப்பார். திருநாட்களை ஒருவர் நினைவில் வைத்துச் சொல்வார். செபங்களைத் தாய் மகளுக்கும் தந்தை மகனுக்கும் அடித்தொண்டையில் சொல்லிக்கொடுப்பார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாததால், உத்தம மனஸ்தாப மந்திரத்தை உயிரைப்போல் காத்து வந்தார்கள். பிடிபட்டால் சித்திரவதை என்று தெரிந்தும் செபித்தார்கள். 1865-க்குப் பிறகும் அவர்களில் பலர் ஊரைவிட்டு நாடுகடத்தப்பட்டு வதைக்கப்பட்டார்கள். 1873-இல்தான் தடை நீங்கிற்று.

அன்பர்களே, இப்போது நம்மைப் பார்ப்போம். நமக்குக் கோயில் இருக்கிறது. குரு இருக்கிறார். ஒலிபெருக்கி இருக்கிறது. நம் வாசலில் யாரும் வாளோடு நிற்கவில்லை. அப்படியிருந்தும் நம் வீடுகளில் செபம் நின்றுவருகிறது. வாளுக்கு அஞ்சாமல் இருநூறு ஆண்டு நின்ற செபம், தொலைக்காட்சித் தொடருக்கும் கைப்பேசிக்கும் டியூஷனுக்கும் முன்னால் தோற்றுப்போகிறதே, இது எதனால்?

நேரம் இல்லாததுதான் காரணம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று எனக்கே பின்னால் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் செபம் தவறியதில்லை. சிம்னி விளக்கைத் துடைத்து ஏற்றி மாடத்தில் வைத்ததும் முழந்தாளிடுவார்கள். நாங்கள் விளையாட்டை விட்டு ஓடிவர வேண்டும். வராதவனுக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைக்கும். என் அண்ணனும் நானும் ஒரே பாயில் முழந்தாளிட்டு வளர்ந்தவர்கள். அம்மா இறந்த பிறகு, அப்பா வைத்துவிட்டுப் போன கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறை பற்றி எங்களுக்குள் தகராறு வந்தது. வாரத்தில் யாருக்கு எத்தனை நாள் என்பதுதான் சண்டை. பேச்சு முற்றி, வக்கீல் வீடு, நீதிமன்றம் என்று ஆறு ஆண்டுகள் போயிற்று. ஞாயிறு தோறும் ஒரே கோயிலில் அவர் வலப்புறம், நான் இடப்புறம். நற்கருணை வாங்கப் போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம்.

அந்த நாட்களில் என் வீட்டுச் செபத்தில் எனக்கு ஒரு தொல்லை வந்தது. கர்த்தர் கற்பித்த செபத்தில், நாங்கள் பிறரை மன்னிப்பதுபோல எங்களை மன்னியும் என்று கேட்கும் இடம் வரும்போது என் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் சமாளித்தேன். பிறகு, "பரீட்சைத்தாள் திருத்த வேண்டும்" என்று சொல்லித் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பரீட்சை இல்லாத மாதங்களிலும் தாள் திருத்தினேன்! ஏறக்குறைய ஓர் ஆண்டு, உள்ளே என் மனைவியும் மகளும் செபிப்பார்கள். நான் வெளியே இருப்பேன். எனக்கு நேரம் இல்லை என்று ஊருக்குச் சொன்னேன். உண்மையில், செபிக்கும் அளவுக்கு என் மனம் நேராக இல்லை.

ஒரு மாலை, செபம் முடிந்ததும் என் மகள் தன் தாயிடம் கேட்டது திண்ணையில் எனக்குக் கேட்டது.

"அம்மா, பெரியப்பா வீட்லயும் இதே செபந்தானே சொல்வாங்க?"

"ஆமா, இதேதான்."

"அப்ப சாமி யாரு சொல்றதக் கேப்பாரு?"

அவள் தாய் பதில் சொல்லவில்லை. என்னிடமும் பதில் இல்லை. அப்போது அவளுக்கு எட்டு வயது. 23 ஆண்டு ஆசிரியர் அனுபவத்தில் எந்த மாணவனும் என்னை இப்படி நிறுத்தியதில்லை.

மறுநாளே நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது கதையாகிவிடும். மறுநாள் மாலை உள்ளே போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொண்டேன். பல நாள் அப்படித்தான். ஆனால் தினமும் அந்த வரி வந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து தப்ப வழியில்லை. நவம்பர் 2-ஆம் நாள், சகல ஆத்துமாக்களின் திருநாளன்று, அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றப் போனேன். அண்ணன் முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல் திரும்பிப் போயிருப்பேன். அன்று ஏனோ, "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டேன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த வார்த்தை. அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார்.

வழக்கைத் திரும்பப் பெற்றோம். எனக்கு வர வேண்டிய முறையில் வாரத்துக்கு ஒரு நாள் குறைந்தது. அது எனக்கு நட்டம்தான்; இன்றும் கணக்கில் நட்டம்தான். ஆனால் அண்ணன் கிடைத்தார். செபம் கிணற்றையும் மாற்றவில்லை, சட்டத்தையும் மாற்றவில்லை. கிணற்றடியில் நின்ற என்னை மாற்றியது. சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது (மத்தேயு 5:23-24) எனக்காகவே சொன்னது.

"செபித்தும் கிடைக்கவில்லையே" என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். அதற்கும் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 11 ஆண்டுகளுக்கு முன் என் மனைவி புற்றுநோயில் படுத்தாள். நான் செபித்தேன், மகள் செபித்தாள், இந்தப் பங்கே செபித்தது. அவள் பிழைக்கவில்லை. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரும், இந்தத் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்றுதான் கேட்டார். அது அகலவில்லை. ஆனால் முழந்தாளிட்டபோது வியர்வை இரத்தமாய்ச் சிந்தியவர், எழுந்தபோது தன்னைப் பிடிக்க வந்தவர்களை நோக்கித் தாமே நடந்து போனார். கேட்டது கிடைக்கவில்லை; தாங்கும் வலிமை கிடைத்தது.

அவளை அடக்கம் செய்த அன்று மாலை என் வாய் திறக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வந்தது. அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மா தொடங்குவதுபோலவே செபமாலையைத் தொடங்கினார். வழக்கு நடந்துகொண்டிருந்தால், அந்த மாலை அவர் என் வீட்டுக்குள் வந்திருப்பாரா? என் மனைவியின் கடைசி நோய்க்கு முன்பே, நான் கேட்காமலே, இறைவன் எனக்கு ஒரு துணையை ஆயத்தம் செய்துவைத்திருந்தார் என்று அன்று உணர்ந்தேன்.

இன்னொரு முறையீடும் உண்டு. "செபத்தில் மனம் ஓடிவிடுகிறது" என்பார்கள். ஓடட்டும், இழுத்துக்கொண்டு வாருங்கள். மேயப் போன ஆட்டை ஓட்டிவருவதில்லையா? 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றில் லாரன்ஸ் என்ற சகோதரர் சமையற்கட்டில் வேலை பார்த்தார். பாத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும், கோயிலில் முழந்தாளிட்டிருப்பதுபோலவே இறைவனோடு இருக்க அவர் பழகிக்கொண்டார். அடுப்படியில் நிற்கும் நம் தாய்மார்களுக்கு அவர் நல்ல கூட்டாளி. பேருந்தை எடுக்குமுன் ஓட்டுநர் போடும் சிலுவை அடையாளமும், தறியில் உட்காருமுன் சொல்லும் ஒரு வார்த்தையும், மூவேளை மணி கேட்டதும் வயலில் ஒரு நிமிடம் நிற்பதும் செபமே.

முடிக்குமுன் சில நடைமுறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரத்தைக் குறித்துவிடுங்கள். நேரம் கிடைத்தால் செபிப்போம் என்றால் நேரம் கிடைக்காது. பத்து நிமிடம் போதும். ஐந்து பத்து மணியும் முடியாவிட்டால் ஒரு பத்து மணி சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தப் பத்து நிமிடத்துக்குக் கைப்பேசிகளை அலமாரியில் வைத்துவிடுங்கள். பிள்ளைகளுடையதை மட்டும் அல்ல, முதலில் உங்களுடையதை. வளைகுடாவில் வேலை செய்யும் மகனோ மகளோ இருந்தால், அந்த ஒரு கைப்பேசி மட்டும் நடுவில் இருக்கட்டும். அவர்களும் அங்கிருந்து சேர்ந்து சொல்லட்டும்.

மூன்றாவது, பிள்ளைகள் தொடங்கட்டும், பெரியவர்கள் தொடரட்டும். சவேரியார் சிறுவர்களை நம்பித்தான் இந்த வேலையை ஒப்படைத்தார்.

நான்காவது, பெயர் சொல்லி மன்றாடுங்கள். நோயாளி பெயர், வேலை தேடுபவர் பெயர், அதோடு உங்களோடு பேசாதவர் பெயர். இந்தக் கடைசிப் பெயர்தான் கடினம். அதை விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது, தனியாக வாழும் முதியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களை உங்கள் வீட்டுச் செபத்துக்கு அழையுங்கள், அல்லது வாரத்தில் ஒரு நாள் நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. 2025-ஆம் ஆண்டு யூபிலிக்கு ஆயத்தமாக, திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டைச் செப ஆண்டாக அறிவித்தார். கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதற்கு முன் உள்ளத்தைத் துப்புரவு செய்யுங்கள் என்பதே இதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நம் பொன்விழாவுக்கும் அது பொருந்தும்.

இன்னும் 50 ஆண்டுகளில் இந்த ஆலயம் நூற்றாண்டு விழா கொண்டாடும். அன்று இங்கே பேசப்போகிறவர், இதோ முன்வரிசைப் பாயில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் உங்களில் ஒருவராக இருக்கலாம். அப்போது அவர், "எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் அப்பாவும் அம்மாவும் எங்களோடு முழந்தாளிடுவார்கள்" என்று சொல்ல வேண்டும். அதற்கு வேண்டியதை இன்று மாலையே தொடங்கலாம். தியானம் முடிந்து வீட்டுக்குப் போனதும், சாப்பாட்டுக்கு முன், ஒரு பத்து மணி சொல்லிவிட்டுப் படுங்கள். உங்களோடு பேசாத அந்த ஒருவருக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் கூடுதலாகச் சொல்லுங்கள்.

செபிக்கக் கற்றுத்தந்த நம் ஆண்டவரும், ஆண்டவரின் வார்த்தைகளை உள்ளத்தில் வைத்துச் சிந்தித்த நம் தாய் மரியாளும், நம் ஒவ்வொரு வீட்டையும் காத்து நடத்துவார்களாக!